கண்ணாடித் தொட்டியில் ஒரு கோடை

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

கடற்கரையில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் புதிதன்று. காலையில் கண் விழித்தால் காற்றில் உப்பு; மாலையில் பள்ளி விட்டுப் போனால் வழியெல்லாம் மீன் கூடை. ஆயினும் நாம் பார்ப்பது கடலின் மேற்பரப்பை மட்டுமே. அதன் உள்ளே நடப்பதைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்னும் ஆசையால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கடலை அமைத்தோம். அந்தச் சிறு கடல் வெப்பநிலையைப் பற்றி எங்களுக்குக் கற்பித்த பாடத்தை அன்புத் தோழியருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் வீட்டில் நாங்கள் சகோதரிகள் இருவர்; ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. வளர்த்ததும் இருவரும், தவறியதும் இருவரும். ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். இதில் டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ் அளவே.

கண்ணாடிக்குள் கடல் வந்த வரலாறு

கடல் உயிர்களை வீட்டில் வைத்து வளர்க்கும் கலையில் முன்னோடியாக விளங்கியவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. அவர் பெயர் அன்னா தின். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் குருவானவர் ஒருவரின் மனைவி. 1846-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊருக்குச் சென்றவர், அங்கே கிடைத்த சிறு பவளங்களைக் கடல்நீரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் தொலைவில், புதுநீர் கிடைப்பதோ அரிது. என்ன செய்தார் தெரியுமா? திறந்த சன்னலின் அருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு நாள்தோறும் அரைமணி நேரத்திற்கு மேல் ஊற்றி ஊற்றி எடுக்கும்படி பணிப்பெண்ணை ஏவினார். நாம் பாலை ஆற்றுவது போலத்தான்! காற்று பட்ட நீர் கெடவில்லை, பவளங்களும் பிழைத்தன. மறு ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்து வைத்தார். சில ஆண்டுகளில், 1853-இல், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

இந்தப் பால் ஆற்றும் வித்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டுத் தொட்டி

மேல்நாடுகளில் இன்று பலர், பண்ணைகளில் துண்டு துண்டாக வளர்த்து விற்கப்படும் பவளங்களை வாங்கித் தம் வீடுகளில் பவளத் தொட்டி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் பவளத்தைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது என்றால் அதன் மதிப்பை உணரலாம்.

ஆகவே எங்கள் தொட்டியில் பவளம் கிடையாது. மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி. மணலும் உடைந்த மண்சட்டித் துண்டுகளும் போக ஏறத்தாழ 150 லிட்டர் கடல்நீர் கொள்ளும். நீர் கொண்டுவந்து தந்தவர் எங்கள் மாமா. அவர் இளம் வயதில் சங்கு குளித்தவர். இப்போது படகு வைத்திருக்கிறார். கரையோரத்து நீர் கலங்கல் என்று சொல்லி, ஆழ்ந்த இடத்திலிருந்து கேன் கேனாக எடுத்து வந்தார். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன் இரண்டு, நீல நிற டாம்செல் மீன் மூன்று, இறால் வகையில் ஒன்று, இவற்றோடு ஒரு கடல் சாமந்தி. கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்டு பரப்பியுள்ளனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கடல் சாமந்தி பூவன்று, விலங்கு. வலையில் சிக்கிக் கரைக்கு வந்த ஒன்றை மாமா வாளியில் இட்டுக் கொண்டுவந்தார். இளம் பழுப்பு நிறத்தில், நூறு விரல்களை விரித்தாற்போல் இருக்கும். அதன் விரல்களுக்கிடையில்தான் கோமாளி மீன்கள் இரண்டும் குடியிருந்தன. இது பவளத்திற்கு நெருங்கிய உறவு. பவளத்தைப் போலவே இதன் தசைக்குள்ளும் சூசாந்தெல்லா என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. அப்பாசிகள் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து உணவு சமைக்கும். அதில் பெரும் பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடும். பாறை கட்டும் பவளங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை இவ்வாறு பெறுகின்றன என்பர். பவளத்தின் நிறமும் சாமந்தியின் பழுப்பும் பெரும்பாலும் இந்தப் பாசியின் கொடையே. எனவே பவளம் இல்லாவிட்டாலும், பவளத்திற்கு வரும் நோயை எங்கள் கூடத்திலேயே பார்க்கும் நிலை எங்களுக்கு வந்தது.

அந்த ஒரு நாள்

2024 ஏப்ரல் மாதக் கடைசி. விடுமுறை தொடங்கிவிட்டது. ஒரு நாள் உறவினர் திருமணத்திற்காகக் குடும்பத்தோடு காலையிலேயே புறப்பட்டோம். அன்று பகல் முழுவதும் மின்தடை என்று முன்பே அறிவித்திருந்தார்கள், நாங்கள்தாம் கவனிக்கவில்லை. அதற்கும் முந்தின நாள், கூடத்து மேற்குச் சன்னலின் திரையைத் துவைக்கக் கழற்றியிருந்தோம், திரும்ப மாட்டவில்லை. தொட்டியின் மேல் கண்ணாடி மூடியையும் வைத்துவிட்டோம், பூனை வந்துவிடும் என்று.

மாலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்தால் கூடம் சூளை போல் இருந்தது. மேற்கு வெயில் நேராகத் தொட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பம்ப் நின்று எவ்வளவு நேரமாயிற்றோ! காலையில் 29 டிகிரி காட்டிய வெப்பமானி இப்போது 33 காட்டியது. மீன்களெல்லாம் மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் வைத்து மூச்சு வாங்கின. சாமந்தி தன் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டு கைமுட்டி போல் சுருங்கிக் கிடந்தது.

எங்கள் ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "மூடியை எடுங்க பிள்ளைகளா. சன்னலை அடைச்சு ஒரு சேலையைத் தொங்கப் போடுங்க. செம்பால தண்ணியைக் கோரிக் கோரி ஊத்திக்கிட்டே இருங்க. மெதுவாத் தணியும்" என்றார்கள். மெதுவாக என்ற சொல் எங்கள் காதில் ஏறவில்லை. மீன் மூச்சுத் திணறும்போது செம்பும் சேலையுமா என்று நினைத்தோம். ஓடிப்போய் மீன் கடையில் ஐந்து கிலோ ஐஸ் வாங்கி வந்து, கட்டி கட்டியாகத் தொட்டியில் போட்டோம். ஐஸ் மிதந்து உருகியது. சற்று நேரத்தில் கரண்டும் வந்தது; பம்ப் ஓடியது; வெப்பமானி 29-ஐ நெருங்கி இறங்கி நின்றது. கைதட்டி மகிழ்ந்தோம்.

மறுநாள் காலையில் கோமாளி மீன்களில் பெரியது மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. இறாலும் இறந்துவிட்டது. ஐந்தாறு நாட்களில் சாமந்தியின் பழுப்பு கரைந்து, கஞ்சியில் நனைத்த துணி போல் வெளுத்துவிட்டது. மீதமிருந்த சின்னக் கோமாளி அதன் மேல் படுப்பதும் எழுந்து தொட்டியைச் சுற்றுவதுமாக இருந்தது. இளையவள் அன்று சாப்பிடவே இல்லை.

மாமா வந்து பார்த்தார். திட்டவில்லை. "சூடு கொஞ்சம் கொன்னுச்சு, அவசரம் மீதியைக் கொன்னுச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லின் பொருளைத் தேடிப் புறப்பட்டதுதான் கீழே வரும் பகுதி.

சூடு செய்த தீங்கு

முதலாவது, நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயு குறைகிறது. சோடா பாட்டில் வெயிலில் இருந்தால் வாயு சீறி வெளியேறுகிறதல்லவா, அதே விதி. கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான். 33-இல் இன்னும் குறைவு. இது காற்றோடு நன்றாகக் கலந்த நீரின் கணக்கு. பம்ப் நின்ற தொட்டியில் இதுவும் கிட்டாது.

இரண்டாவது, மீன் நம்மைப் போன்ற வெப்ப இரத்தப் பிராணி அன்று. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் சூடேறினால் அதன் உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றங்கள் விரைவுபடும். பொதுவாகப் பத்து டிகிரி ஏறினால் இவ்வேகம் இருமடங்காகும் என்பது உயிரியலார் கணக்கு. அதாவது, தேவை கூடும் வேளையில் வரவு குறைகிறது. வருமானம் குறைந்த மாதத்தில் செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகும்? மீன்கள் நீர்மட்டத்தில் வாய் வைத்ததன் காரணம் இதுவே.

மூன்றாவது, தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள் உண்டு. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்னும் நஞ்சைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் அவை. மணலிலும் வடிகட்டியிலும் வாழ்கின்றன. அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். பம்ப் நின்றால் அவற்றின் வேலையும் தளரும். நீர் சூடேறினால் அம்மோனியாவில் நஞ்சான பகுதியும் கூடும்.

நான்காவது, மிகவும் கவனிக்கத்தக்கது: சாமந்தி வெளுத்ததன் காரணம். அதிக வெப்பமும் கடும் ஒளியும் ஒருங்கே தாக்கினால் பாசியின் ஒளிச்சேர்க்கைக் கருவிகள் பழுதாகின்றன. அப்போது உணவுக்குப் பதிலாகச் செல்லைச் சிதைக்கும் தீய பிராணவாயு வடிவங்கள் உண்டாகின்றன. வாடகை கொடுத்த குடியே வீட்டுக்குத் தீ வைத்தாற்போல் ஆகிவிடுகிறது. வேறு வழியின்றி விலங்கு பாசியை வெளியே தள்ளுகிறது. நிறம் போகிறது. பவளமானால் அதன் தசை கண்ணாடி போன்றது. அதனூடே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. இதையே பவளம் வெளிறுதல் என்கிறார்கள். வெளிறிய பவளம் அப்போதே இறந்துவிடவில்லை; பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்து பாசி திரும்பினால் பிழைக்கும். நெடுநாள் தணியாவிட்டால் இறக்கும்.

ஐஸ் செய்த தீங்கு

இனி எங்கள் அவசரத்தின் கணக்கைப் பார்ப்போம். இது இயற்பியல் வகுப்பில் நாம் போடும் கணக்குத்தான்.

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி தணிக்க ஒரு கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். 150 லிட்டரை ஒரு டிகிரி தணிக்க ஏறத்தாழ 1,50,000 கலோரி. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி உள்ளுறை வெப்பம் வேண்டும். ஐந்து கிலோ உருக 4,00,000 கலோரி. இதனாலேயே இரண்டரை டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். உருகிய ஐந்து லிட்டரும் பூச்சியம் டிகிரி நீராகக் கலந்து மேலும் ஒரு டிகிரி இறக்கும். மொத்தத்தில் 33-இலிருந்து 29.4-க்கு வருகிறது. வெயில் பல மணி நேரத்தில் ஏற்றியதை நாங்கள் நிமிடக் கணக்கில் இறக்கிவிட்டோம்.

இது மட்டுமா? ஐஸ் நன்னீரால் ஆனது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. பம்ப் ஓடாத தொட்டியில் அது உடனே கலக்காமல், குளிர்ந்த ஓர் அடுக்காக மேலேயே படர்ந்து நிற்கும். மூச்சுக்காக மீன்கள் வந்து நின்றதும் அதே மேல்மட்டந்தான்! சூடான உப்பு நீரிலிருந்து தலையை உயர்த்தினால் குளிர்ந்த நன்னீர். பயந்து கீழே போனால் பிராணவாயு இல்லாத சூட்டு நீர். நாங்கள் மருந்து என்று எண்ணி ஊற்றியது அவை மூச்சு விட்ட இடத்தையே அடைத்துவிட்டது. இறால் போன்ற ஓடுடைய உயிர்கள் உப்பின் திடீர் மாற்றத்தைத் தாங்காதவை. லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு, முழுதும் கலந்த பிறகு 34 கிராமுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பார்க்கச் சிறிய மாற்றம். ஆனால் அது வந்த வேகம் பெரிது.

ஆச்சி சொன்னதோ வேறு. செம்பால் கோரி ஊற்றினால் காற்றுப் பட்டுப் பிராணவாயு சேரும். மேல்நீரும் கீழ்நீரும் கலக்கும். மூடியை எடுத்தால் நீர் ஆவியாகிச் சூடும் மெல்லத் தணியும். 1846-இல் லண்டனில் அன்னா தின் அம்மையார் செய்வித்ததும் இதுவே! பள்ளிக்கூடம் அதிகம் போகாத எங்கள் ஆச்சிக்கு அந்த அம்மையாரின் பெயர் தெரியாது. ஆனால் கூடை மீனை உயிரோடு வைத்திருக்கத் தெரியும். படித்துவிட்டுப் பின்னால் போய் ஆச்சியிடம் சொன்னபோது, "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று சிரித்தார்கள்.

கடலைவிடத் தொட்டி ஏன் எளிதில் நோகிறது?

கடல் பெரிய பானை. தொட்டி சிறிய கிண்ணம். கிண்ணத்துக் கஞ்சி சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். நம் மன்னார் வளைகுடாவில் மார்கழி, தை மாதங்களில் கடல்நீர் ஏறத்தாழ 26 டிகிரியும், சித்திரை, வைகாசியில் 30 டிகிரிக்கு மேலும் இருக்கும். இந்த நான்கு டிகிரியை ஏறக் கடலுக்கு மாதக் கணக்கு ஆகிறது. எங்கள் தொட்டி ஒரே பிற்பகலில் ஏறிவிட்டது. அந்த மாதங்களில் உயிர்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கின்றன. ஒரு பிற்பகலில் பழக முடியுமா?

பொதுவாகப் பவளத் தொட்டி வைப்போர் 24-இலிருந்து 27 டிகிரிக்குள் நிறுத்த முயல்கின்றனர். ஆனால் எண்ணைவிட அது நிலையாக நிற்பதே முக்கியம். நம் ஊரில் குளிரூட்டும் கருவி இன்றி 25-இல் நிறுத்துவது கடினம். 28, 29 என்று ஒரே சீராக இருக்கும் தொட்டி, பகலில் 30-உம் இரவில் 25-உமாக ஊசலாடும் தொட்டியைவிட நலமாக இருக்கும்.

குளிரும் பகையே. பாறை கட்டும் பவளங்கள் பெரும்பாலும் 18 டிகிரிக்குக் கீழே செழிப்பதில்லை. 2010 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் வீசிய கடுங்குளிரால் அங்கிருந்த பவளங்கள் ஏராளமாக மடிந்தன. குளிர்நாடுகளில் வீட்டுத் தொட்டிக்குச் சூடேற்றி வைப்பது இதனால்தான். மேலும், திடீர் மாற்றத்தால் சோர்ந்த மீனை வெண்புள்ளி நோய் எளிதில் பற்றும். உடலில் உப்புத் தூவியது போல் புள்ளிகள் தோன்றும். எங்கள் டாம்செல் மீன்களில் ஒன்றுக்கு அடுத்த வாரம் அது வந்தது. தனித் தொட்டியில் வைத்துக் காப்பாற்றினோம்.

செய்யத் தக்கவை

பட்டறிவால் நாங்கள் எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள் இவை. நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கும் தோழியருக்கும் இவற்றுட் பல பொருந்தும்.

1. தொட்டியை வெயில் படும் சன்னலுக்கு எதிரே வைக்கலாகாது. எங்கள் கூடத்தில் இப்போது மேற்குச் சன்னலுக்கு இரண்டு திரைகள். ஒன்றைத் துவைத்தால் ஒன்று தொங்கும்.

2. காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும். மீன் சொல்வதற்கு முன் வெப்பமானி சொல்லிவிடும்.

3. கோடையில் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடலாம். சிறு மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் வீசும்படி வைக்கலாம். மண்பானை நீர் குளிர்வது போல், ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கால் லிட்டர் நீர் ஆவியானால் எங்கள் தொட்டி ஏறத்தாழ ஒரு டிகிரி தணியும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இதன் பயன் குறையும்.

4. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே நிற்கும். உப்பளத்து ஊரில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால் தொட்டி நாளடைவில் பாத்தியாகிவிடும்.

5. ஐஸ் போட்டே ஆகவேண்டிய நெருக்கடி வந்தால், நேராகப் போடக் கூடாது. மூடிய பாட்டிலில் நீரை உறைய வைத்து, ஒன்றை மட்டும் மிதக்க விட வேண்டும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. கரண்ட் நின்றால் பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு உதவும். அது இல்லையானால் செம்பு இருக்கிறது, கையும் இருக்கிறது.

7. சூடான நாட்களில் தீனியைக் குறைக்க வேண்டும். தின்னாத தீனி அழுகிப் பிராணவாயுவைத் தின்னும். விளக்கையும் குறைந்த நேரமே எரிய விட வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே

இத்தனையும் அறிந்த பின் ஒரு நாள் மாமாவிடம், "வெளுத்த பவளத்தைக் கடலில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம். 2016 கோடையில் பார்த்ததாகச் சொன்னார். படகிலிருந்து குனிந்து பார்த்தால், வெள்ளைச் சீலை விரித்துக் காயப் போட்டது போல் இருந்ததாம். தண்ணீர் வெந்நீர் போல் உடம்பில் பட்டதாம். சங்கு குளித்த நாட்களில் மேலே சூடும் முழங்கால் அளவு கீழே போனால் குளிர்ச்சியுமாக இருக்கும். அந்த ஆண்டு கீழேயும் சூடு விடவில்லை என்றார்.

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை நம் கரையோரம் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றித்தான் பவளப் பாறைகள். 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முன்பு பவளக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் எடுத்தார்கள். அதனால் தீவுகளின் காவல் அரணே குறைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மறைந்துவிட்டன. வெட்டுவது நின்ற பின் வந்த பகை சூடு. 2010-இலும் 2016-இலும் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2016-க்குப் பின் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது என்று ஆய்வாளர் அளந்திருக்கின்றனர். அதற்குப் பெரிய சூடு வேண்டியதில்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, நான்கு வாரம் நின்றால் வெளிறத் தொடங்கும். எட்டு வாரம் நின்றால் பல மடியும்.

எங்கள் தொட்டி சூடேறிய அதே ஏப்ரல் மாதத்தில், 2024-இல், உலகெங்கும் பவளங்கள் ஒருசேர வெளிறும் நான்காவது நிகழ்ச்சி நடந்துகொண்டிருப்பதாக அறிவியலார் அறிவித்தார்கள். முதலாவது 1998-இல் நிகழ்ந்தது. எங்கள் கூடத்தில் ஒரு சாமந்தி வெளுத்த வேளையில் இலட்சத்தீவிலும் ஆஸ்திரேலியாவிலும் பவளங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. அதை அப்போது நாங்கள் அறியவில்லை. அறிந்த பின், தொட்டியை முன்போல் பொழுதுபோக்குப் பொருளாகப் பார்க்க முடியவில்லை.

"தொட்டிக்கு நீங்க திரை போட்டுட்டீங்க. கடலுக்கு யாரு போடுவா?" என்று மாமா கேட்டார். எங்களிடம் விடையில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் கரியமில வாயு பூமிக்குக் கண்ணாடி மூடி போல் ஆகிவிட்டது என்று பாடத்தில் படிக்கிறோம். மூடி போட்ட தொட்டி என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்துவிட்டோம். தொட்டியின் மூடியை எங்கள் கை எடுத்துவிடும். அந்தப் பெரிய மூடியை எடுக்க எல்லா நாட்டுக் கைகளும் சேர வேண்டும்.

முடிவாக, எங்கள் தொட்டியின் இன்றைய நிலை. சாமந்தியைப் பட்டினியால் சாக விடக்கூடாது என்று, வாரம் இருமுறை நகத்தளவு இறால் துண்டை அதன் வாயருகே வைத்தோம். ஆடி மாதம் நடுவில் ஒரு விரலின் அடியில் இலேசான பழுப்பு தெரிந்தது. இளையவள்தான் முதலில் கண்டாள்; வீடே அதிரும்படி கூவினாள். ஆவணிக்குள் பழைய நிறம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. சின்னக் கோமாளி மறுபடியும் அதற்குள்ளேயே உறங்குகிறது. அதற்குத் துணையாக இன்னொரு மீன் வாங்கலாமா என்று அப்பா கேட்டார்கள். ஒரு கோடையை ஒழுங்காகக் கடத்திக் காட்டிய பிறகு வாங்கலாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டு வந்த அந்த மொழியை இரண்டு உயிர்களைக் கொடுத்த பிறகே கற்றோம். தோழியரே, உங்கள் வீட்டில் சிறு தொட்டி ஒன்று இருந்தால், இன்றே ஒரு வெப்பமானி வாங்கி மாட்டுங்கள். அருகில் ஒரு செம்பையும் வையுங்கள்.